தொட்டி மேல் ஏறிய விலை

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் அன்றாடம் என்ன விலை என்பது துபாயில் இருப்பவனுக்குக்கூடத் தெரியும். பூப் பறிக்கிற எங்களுக்குத்தான் தெரியாது. மெயின் ரோட்டை விட்டு ஆறு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எல்லாப் போனும் ஊமை. டவருக்கு எங்கள் ஊர்மேல் என்ன கோபமோ! முதல் பஸ் பத்து மணிக்கு. அதற்குள் மல்லிகை விரிந்துவிடும். அதனால் வியாபாரி ஆவுடையப்பன் விடிந்ததும் பைக்கில் வருவார். மெயின் ரோட்டிலேயே போனில் விலையைக் கேட்டுக்கொண்டு, இங்கே வந்து வாய்க்கு வந்ததைச் சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம்.

அன்றைக்குத் திலகவதி தலையாட்டுவதாக இல்லை. அவள் தோட்டத்துத் தண்ணீர் மோட்டாரில் காயில் கம்பி எரிந்து நாலு நாளாகிறது. பழுதுபார்க்க நாலாயிரம் வேண்டும். இல்லாவிட்டால் செடி கருகிவிடும். பறித்து வைத்திருந்தது ஐந்து கிலோ.

"கிலோ நானூறுதான் தங்கச்சி. மார்க்கெட்டே படுத்துக் கெடக்கு," என்றார் ஆவுடையப்பன்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. புது சிம்மு போட்டிருக்கேன். தொட்டி மேல ஏறுனா டவர் கெடைக்குது."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறினாள். ஊமைப் போனைக் காதில் வைத்தாள். "அலோ, கமிஷன் கடையா? மல்லி என்ன ரேட்டுங்க? எண்ணூறா! சத்தமாச் சொல்லுங்க, இங்கிட்டு ஒரு அண்ணனுக்குக் கேக்கணும்."

பக்கத்து வயலில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி இருமலே வந்துவிட்டது.

ஆவுடையப்பன் நெஞ்சில் கை வைத்தார். "ஆளாளுக்குப் போனு வந்துட்டா என் பொழப்பு என்னாகுறது?" என்று புலம்பிக்கொண்டே எண்ணூறு வீதம் கொடுத்தார். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. பைக் மறைந்ததும் திலகவதி தொட்டியிலிருந்து குதித்தாள். எனக்கும் வயிறு குளிர்ந்தது. எத்தனை வருஷத்து எரிச்சல்!

பத்து மணி பஸ்ஸில், கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த அவள் நாத்தனார் சத்யா வந்து இறங்கினாள்.

"அண்ணி, இன்னைக்குப் பெரிய முகூர்த்தம். காலைலேருந்து மல்லி ரெண்டாயிரத்துக்குக் கொறையல. நல்லா அள்ளிட்டீங்கதானே?"

திலகவதி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆவுடையப்பனின் அந்தப் புலம்பல் நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் எரிந்தது.

"மெயின் ரோடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போயிருப்பாருடி," என்றாள் திலகவதி. "பொய் சொல்றதுக்குக்கூட நெசம் தெரிஞ்சிருக்கணும் போல."