காக்காக்கடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கிடைத்தது. வில்லியனூரில் தூரத்து உறவில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் என் பள்ளித் தோழி அர்ச்சனா. இப்போது அவள் டாக்டர். கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தக் கொதிப்பை மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியுமா என்று ஆராய்கிற குழு ஒன்றில் இருக்கிறாள். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தேன். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “ஊர்ல ரெண்டு பொண்ணுங்க மாத்திரையைப் பாதிப் பாதியா பங்கு போட்டுத் தின்னுருக்காங்கடி. எங்க ஆராய்ச்சியைக் கெடுத்துட்டாங்க” என்றாள்.

அதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டாள். இலையில் பாயசம் ஊற்றினதுகூடத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்கள் யார், ஏன் பங்கு போட்டார்கள், குழந்தைகள் என்ன ஆயின என்று அவளிடம் நான் அப்புறமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், பிறகு எனக்கு எழுத என்ன மிச்சம் இருக்கும்? ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. குறை இருந்தால் என்னைத்தான் திட்ட வேண்டும்.

2

தொடக்கத்தில்தான் நான் எப்போதும் மாட்டிக்கொள்வேன்.

“பாகூர் ஏரியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து” (வேண்டாம். கர்ப்பிணிக்கும் நீர்க்காகத்துக்கும் என்ன சம்பந்தம்?)

“விஜயராணி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வானத்தை அண்ணாந்து” (எதற்கு அண்ணாந்து பார்க்கிறாள்? வேலைக்கு வந்தவள், நேராக வீட்டுக்குள் போவாள்.)

சரி, நாமும் நேராகவே போவோம். விஜயராணி அந்த ஆராய்ச்சிக் குழுவின் களப்பணியாளர். பாகூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளுக்கு பிரஷர் பார்ப்பாள், மாத்திரை டப்பா கொடுப்பாள், காலி டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். அவள் நர்ஸ் இல்லை. ஆனாலும் ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. அவளும் மறுத்து மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அந்த வேலையில் அவள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால்தான் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும். விஜயராணிக்கு இது நன்றாகப் புரியும், நன்றாகச் சொல்லவும் வரும். ஆனால் சொல்லி முடிக்கிற நேரத்தில் எதிரில் இருக்கிறவளின் கை தானாக வயிற்றுக்குப் போகும். அந்த ஒரு நிமிஷம் தன் வேலை அவளுக்குப் பிடிக்காது.

செலியமேட்டில் காசம்மாள் வீட்டில் இதைச் சொன்னபோது காசம்மாள், “அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?” என்று கேட்டாள். கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்றாள் விஜயராணி. அது எந்த ஊரில் இருக்கிறது என்று காசம்மாள் விசாரித்தாள். போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்கிற மாதிரிதான் கேட்டாள்.

காசம்மாளுக்கு இரண்டு மருமகள்கள். மூத்த மகன் பிரிட்டோவின் மனைவி லில்லி, இளையவனின் மனைவி பவுலின். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தார்கள். பவுலினுக்கு இதுதான் முதல். லில்லிக்கு இரண்டாவது. முதல் குழந்தை எட்டாம் மாதம், இவளுக்கு பிரஷர் ஏறி ஜன்னி வந்தபோது, வயிற்றிலேயே போய்விட்டது. இந்தக் குழந்தையாவது உயிரோடு கைக்கு வர வேண்டும். லில்லிக்கு அதற்கு மேல் ஆசையும் இல்லை, பயமும் இல்லை.*

* இந்தப் பகுதியை அர்ச்சனாவுக்கு அனுப்பினேன். ஒரே வீட்டில் இரண்டு பேரை நாங்கள் சேர்க்கவே மாட்டோம் என்று போனில் சண்டைக்கு வந்தாள். அதனால் ஒரே மனையில் இரண்டு வீடு, இரண்டு அடுப்பு, இரண்டு ரேஷன் கார்டு கொடுத்திருக்கிறேன். நடுவில் ஒரு கொய்யா மரம். கார்டு இரண்டு என்றால் ஆராய்ச்சிக்கு வீடும் இரண்டுதான். கொய்யா மரத்துக்கு இந்த விதி தெரியாது.

3

ஓர்ப்படிகள் என்றாலே கதையில் சண்டை போட்டாக வேண்டும். நானும் முதலில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு சண்டை எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அப்படிச் சண்டை போடுகிறவர்கள் மாத்திரையைப் பங்கு போட மாட்டார்களே என்று பிறகுதான் உறைத்தது. மனசில்லாமல் எடுத்துவிட்டேன்.

லில்லிக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. அன்று விஜயராணி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். முன்பக்கம் யாரையும் காணவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொய்யா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு இரண்டு வயிறுகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. லில்லி தன் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டின் முனையில் அதைச் சுற்றி, பல்லுக்கு நடுவே வைத்து நறுக்கென்று கடித்தாள். எச்சில் படாமல் இரண்டாக உடைந்தது. ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு மறு பாதியைப் பவுலினிடம் நீட்டினாள். அப்புறம் பவுலின் தன் டப்பாவைத் திறந்து அதே மாதிரி கடித்துக் கொடுத்தாள்.

காக்காக்கடி. பள்ளிக்கூடத்தில் கடலைமிட்டாயைப் பாவாடை நுனியில் சுற்றிக் கடித்துத் தோழிக்குக் கொடுப்போமே, அதேதான். விஜயராணியும் அந்த வயதில் கொடுத்திருக்கிறாள், வாங்கித் தின்றிருக்கிறாள். அதனால் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் கடித்தது மிட்டாய் இல்லை என்று உறைத்தது.

4

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள். முதல் டப்பாவிலிருந்தே என்றார்கள். இரண்டு டப்பாவிலும் மாத்திரை ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இது யாருடைய யோசனை? இந்த இடத்தில் நான் ரொம்பத் தயங்கினேன். லில்லியுடையது என்று எழுதுவது சுலபம். ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள் இன்னொருத்தி டப்பாவைப் பார்த்து ஏங்கினால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்டு வாங்கியிருந்தால் அவள் இப்படிக் கடித்துத் தானும் கொடுத்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் பவுலினைப் பேசச் சொன்னேன்.

“அக்கா தெனம் டப்பாவக் கையில வெச்சிக்கினு அழுவும் சிஸ்டர். இது நெசமா பொய்யான்னு கேட்டுக் கேட்டு அழுவும். ரெண்டுல ஒன்னு நெசமா இருந்தா ரெண்டு பேருக்கும் பாதியாவது போவும் இல்ல? அதான் நான் சொன்னேன்.”

விஜயராணி நாற்காலி இல்லாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாதி மருந்து இரண்டு பேருக்குமே போதாமல் போகலாம், முழுசாகக் கிடைக்க வேண்டியவளுக்கும் கிடைக்காமல் போகலாம் என்று எடுத்துச் சொன்னாள். பவுலின் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். லில்லி மட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கெஞ்சினாள். விஜயராணி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

(இது தப்பித்துக்கொள்வதற்காக எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் வாக்கியம். அவள் சரி என்றுதான் சொன்னாள்.)

வந்த வேலையைப் பார்க்கலாம் என்று லில்லியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். மெஷின் காட்டினதை நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். தலைவலி இருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள். நேற்றிலிருந்து இருக்கிறதாம், வெயில் என்று நினைத்துக்கொண்டாளாம். “கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குது சிஸ்டர்” என்றாள் லில்லி. விஜயராணி பேசிக்கொண்டே 108-க்குப் போன் போட்டாள்.

5

ஆம்புலன்சில் லில்லி ஒரே கேள்வியைத்தான் கேட்டாள், உள்ளே அசைகிறதா என்று கை வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லி. விஜயராணி வழி முழுக்கக் கையை எடுக்கவில்லை. அசைந்தது. வண்டி குதித்ததா குழந்தை குதித்ததா என்று புரியாத இடங்களிலும் அசைகிறது என்றே சொன்னாள்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, ஆராய்ச்சி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று கேட்டார். விஜயராணி லில்லிக்குக் கொடுத்த வாக்கை நினைத்தாள். ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற லில்லியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முந்தின பிரதியில் அந்த டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இப்போது குதிக்கவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறவர், குதிக்கத் தெம்பு ஏது? கேட்டுக்கொண்டார், குறித்துக்கொண்டார், ஜன்னி வராமல் இருக்க ஊசி போடச் சொல்லிவிட்டு லில்லியோடு உள்ளே போனார்.

 எந்த மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் அந்த நேரத்தில் வைத்தியம் ஒன்றுதான், ஒன்றும் மாறாது என்கிறாள் அர்ச்சனா. அப்படியானால் விஜயராணி உண்மையைச் சொன்னதற்கு என்னதான் பலன் என்று கோபமாகக் கேட்டேன். “அடுத்த பொண்ணுக்கு ஆகும்டி” என்றாள்.

பவுலினுக்கு மாத்திரை நின்றது. பரிசோதனை நிற்கவில்லை. லில்லிக்கு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் அதில் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். லில்லி கண் திறக்காமல் ஐ.சி.யூ.வில் கிடந்தாள்.

6

முடிவு ஒன்று: “அன்று மாலையே அந்தக் குழந்தை”

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதுகிறவர்களுக்குக் கல்மனசு வேண்டும் என்பார்கள். எனக்கு இல்லை, போங்கள். லில்லி ஒருமுறை வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பியவள். இன்னொருமுறை நான் அனுப்ப மாட்டேன்.

முடிவு இரண்டு: காசம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாள், அந்த நொடியே கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை வீரிட்டு அழுகிறது. இதைப் படித்துவிட்டு அர்ச்சனா பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மையை மட்டும் அனுப்பினாள்.

ஆகவே நடந்தது இதுதான். குழந்தை கொஞ்சம் நிலைப்பட்டதும், யார் மேலாவது தோலோடு தோலாக வைத்துக் கட்ட வேண்டும், உடம்புச் சூடுதான் இதற்கு மருந்து என்று வார்டு நர்ஸ் சொன்னார். லில்லிக்கு இன்னும் நினைவு சரியாக இல்லை. பவுலினுக்கு நெஞ்சுக்குக் கீழே இடமே இல்லை. பிரிட்டோவைக் கூப்பிட்டார்கள். கரும்பு லோடு ஏற்றுகிறவன், நல்ல வாட்டசாட்டம். நர்ஸ் பெண்களுக்கு முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்ற அவனுக்கு அப்படி ஒரு வெட்கம். விஜயராணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நெஞ்சின் மேல் குழந்தையை வைத்துத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். அவன் சாய்வு நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரலில் கேட்டான்:

“சிஸ்டர், நான் மூச்சு வுடலாமா?”

“வுடு தம்பி” என்றாள் விஜயராணி. “நீ வுட்டாத்தான் அதுவும் உன்னப் பாத்து வுடும்.” சொல்லிவிட்டு வெளியே வந்து, நடைபாதையில் யாராவது பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

லில்லி தேறினாள். அப்பன் நெஞ்சிலிருந்து குழந்தை அம்மா நெஞ்சுக்கு மாறி, சொட்டுச் சொட்டாகப் பால் குடித்து, ஒரு சுற்றுப் பருத்து வீட்டுக்கு வந்தது. பவுலினுக்கு நாள் நிறைந்து பையன் பிறந்தான். எழுதுகிறவள் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது என்கிறீர்களா? ஆமாம். ஒருமுறையாவது நடக்கட்டும்.

7

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆராய்ச்சி முடிந்த பிறகு ஒரு சேதி வந்தது. பங்கெடுத்தவர்கள் விரும்பினால், அவரவருக்குக் கிடைத்தது நிஜ மருந்தா வெறும் மாத்திரையா என்று இப்போது சொல்லலாமாம். விஜயராணி செலியமேட்டுக்குப் போனாள். ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் போதும், இப்போதே தெரிந்துகொள்ளலாம் என்றாள். பவுலின் பையனை இடுப்பில் மாற்றிக்கொண்டு, “இன்னாதான் அதுன்னு பாத்துடுவோம், போடுங்க சிஸ்டர்” என்று துள்ளினாள்.

லில்லி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், வேண்டாம் என்றாள்.

“ஏன்க்கா?”

“ஒன்னுது நெசம்னு வெச்சுக்கோ. ஒம் புள்ளைக்கு நாளைக்கு ஒரு காய்ச்ச வந்தாலும், அதுக்குச் சேர வேண்டியத நான் தின்னுட்டனேன்ற நெனப்பு எனக்குப் போவாது.”

“ஒன்னுது நெசமா இருந்தா?”

லில்லி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“முழுசா எனக்கே வந்திருந்தா இது இன்னும் கொஞ்ச நாள் உள்ள இருந்திருக்கும், இம்மாம் பாடு பட்டிருக்காதுன்னு தோணும். ஒம்மேல கோவம் வரும் பவுலினு. எனக்கு வர வேணாம்.”

பவுலின் பையனைக் கீழே விட்டுவிட்டு லில்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விஜயராணி போனைப் பைக்குள் வைத்தாள்.

எழுதினவளுக்குக்கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். தெரியாது. இரண்டும் நிஜமாக இருந்திருக்கலாம், இரண்டும் வெறும் மாத்திரையாக இருந்திருக்கலாம், ஒன்று மட்டும் நிஜமாக இருந்திருக்கலாம். தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்களை நான் தடுக்கவில்லை. நீங்களே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள், கதை உங்கள் கையில்தான் இருக்கிறது. முடிவு செய்த கையோடு செலியமேட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். யார் யாருக்குக் கடன்பட்டவள் என்று அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். நான் வரமாட்டேன்.