இல்லாத ஆறு மாடிகள்

முப்பத்தெட்டு என்று சொன்னது நான்தான். தீயணைப்பு அதிகாரி "எந்த மாடிம்மா?" என்று கேட்டார், அவர் வாயை மூடுவதற்குள் சொன்னேன். ஐந்து பேர் கடப்பாரையும் ஸ்ட்ரெச்சருமாகப் படியேறிப் போனார்கள். மணி காலை பத்தே முக்கால்.

மேலே மாட்டிக்கொண்டிருந்தவன் என் தம்பி, இந்தக் கோபுரத்தின் லிஃப்ட் மெக்கானிக். மிச்சமிருந்த ஒரே லிஃப்டும் நடுவழியில் நின்றுபோக, கூண்டின் மேல்தட்டில் இறங்கிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். கூண்டு திடீரென்று ஒரு முழம் இறங்கியதில் தொடை சுவரோடு நசுங்கிவிட்டது. மேல்தட்டில் மெக்கானிக்குகளுக்கென்று ஒரு போன் உண்டு. அதன் மறுமுனை கீழே என் வரவேற்பு மேஜையில் இருக்கிறது. ரத்தத்தை நிறுத்த பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஆளுங்க ஏறிட்டாங்கடா. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ."

"கடிச்சுக் கடிச்சுப் பல்லே தேஞ்சு போச்சுக்கா."

இந்த நிலைமையிலும் கிண்டல். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், அடிபட்டால் அழ மாட்டான், பேசுவான்.

நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷம். அப்போது துறைமுகத்துக்குள் வரும் கப்பல்கள் எங்கள் கோபுரத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும். இங்கே ஒரு அறையாவது கிடைக்காதா என்று கப்பல் கம்பெனிகள் வரிசையில் நின்றன. ஆறு லிஃப்டும் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கட்டி முடிக்கும்போதே பக்கத்துத் துறைமுக நகரத்தில் நாற்பத்தாறு மாடிக்கு ஒன்று எழும்பிவிட்டதாம். நம்முடையது நாற்பத்து நான்குதான். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. இருபதுக்கு அடுத்த மாடியை இருபத்தேழு என்று எழுதச் சொன்னார். பேனா பிடித்த கையாலேயே ஆறு மாடி எழுப்பி ஐம்பது ஆக்கிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குப் பாடம் நடந்தது, யார் கேட்டாலும் ஐம்பது.

நான் கடனே என்று சொன்னவள் இல்லை, மனசாரச் சொன்னேன். தெருவில் நின்று ஜன்னல் ஜன்னலாக எண்ணிக் காட்டிய ஒரு டாக்சி டிரைவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

பிறகு நகரத்தின் தென்கோடியில் புதுத் துறைமுகம் வந்தது. கப்பல்கள் அங்கே போயின, கம்பெனிகளும் மூட்டை கட்டின. இப்போது நான்கு மாடிகளில்தான் ஆள் நடமாட்டம், மற்றதெல்லாம் புறா. படிக்கட்டிலிருந்த பித்தளை எண்பலகைகளைக்கூட எவனோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். எங்களுக்கு அது குறையாகவே படவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மாடிக்கும் போய்ச் சேருவோம்.

"அக்கா, காலடிச் சத்தம் கேக்குது."

"வந்துட்டாங்கடா. கத்து."

கத்தினான். போனிலேயே அந்தக் குரலுக்குத் தெம்பில்லை. லிஃப்டின் கனத்த இரும்புக் கதவைத் தாண்டி எங்கே கேட்கப் போகிறது?

"தாண்டிப் போறாங்கக்கா. மேல போறாங்க." உடனே கேட்டான்: "நீ எத்தனைன்னு சொன்ன?"

"முப்பத்தெட்டு."

"நம்ம நம்பரைச் சொல்லிட்டியேக்கா."

முப்பத்தெட்டு எங்கள் வாய்க்கணக்கு. படியேறி எண்ணுகிறவனுக்கு அது முப்பத்திரண்டு. பலகை இல்லாத படிக்கட்டில் வெளியாள் எண்ணித்தானே ஏறுவான்? ஊரையெல்லாம் ஏமாற்றிப் பழகிய வாய், கூடப்பிறந்தவன் உயிருக்குப் போராடும்போதும் அதையே சொல்லித் தொலைத்திருக்கிறது.

தீயணைப்பு வண்டி டிரைவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார். கரகரப்புதான் வந்தது. "தெருமுனைக்குப் போனா சிக்னல் கிடைக்குதா பாக்கறேம்மா" என்று வெளியே ஓடினார். நான் தனியாக நின்றேன்.

"அக்கா, பெல்ட் வழுக்குது. ஒரு கையாலதான் பிடிச்சிருக்கேன்."

"நான் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வரேன்டா."

"உன் முட்டிக்கு மூணு மாடியே ஜாஸ்தி. போகாத. பேசிட்டிரு, அவங்களே வந்துடுவாங்க."

"சொன்னது நான்தானேடா. என்னால உக்காந்திருக்க முடியலை."

போனை வைக்கக் கை வரவில்லை. ரிசீவரை மேஜைமேல் அப்படியே கிடத்திவிட்டு ஓடினேன்.

"முப்பத்தெட்டு இல்ல, முப்பத்திரண்டு" என்று கத்திக்கொண்டே ஏறினேன். நாலாவது மாடியில் செருப்பை உதறினேன். ஏழாவதில் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. பதினொன்றில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன், அதற்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். முதலாளியைத் திட்டினேன், இந்தக் கட்டடத்தைத் திட்டினேன், என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று அழுதேன். புறாக்கள் படபடத்துவிட்டு அடங்கின.

வெகுநேரம் கழித்து மேலேயிருந்து பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது. ஸ்ட்ரெச்சரில் தம்பியின் முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள். நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன். கன்னம் சில்லென்றிருந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார்.

"மேல யாரும் இல்லைன்னதும் ஒவ்வொரு மாடியா கதவைத் தட்டிக்கிட்டே இறங்கினோம்மா."

"நான் கத்தினது?"

"எதுவும் கேக்கலையே."

ஆக, நான் ஏறியது யாருக்கும் பிரயோஜனப்படவில்லை.

"கதவை நெம்ப ஆரம்பிக்கும்போது உயிர் இருந்தது" என்றார். "உள்ள பேச்சுக்குரல் கேட்டுத்தான் இடத்தையே கண்டுபிடிச்சோம். திறக்கறதுக்குள்ள நின்னுபோச்சு."

"என்ன பேசினான்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன்ல யாரையோ கேட்டுட்டே இருந்தார்மா. 'அக்கா, லைன்ல இருக்கியா'ன்னு."