விரல் அகலக் கண்ணாடி

கலர் காப்பியர் செய்கிறவர்களில் மிடோராக்காரன் சரியான கஞ்சப் பிசினாறி. உள்ளே பாதி பிளாஸ்டிக். சிவப்பைக் கேட்டால் செங்கல் நிறம் தருவான். ஆனால் அவன் மெஷின் அடிக்கடி படுத்துக்கொள்ளும், என்னைக் கூப்பிடுவார்கள், என் அடுப்பு எரியும். ஸெல்வின்காரன் நேர்மாறு. சிவப்பு சிவப்பாகவே வரும், வருஷக்கணக்கில் மூடியைத் திறக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட மெஷின் ஆம்பூருக்குள் நுழைந்தால் என்னைப் போன்ற மெக்கானிக் எங்கே போவான்? ஸெல்வின் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதை விற்க வந்தவள் ஹீனா, வாணியம்பாடிப் பெண், வேலைக்குப் புதுசு. பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் தோலின் நிறங்களைக் காட்டும் கலர் கார்டு அடிக்க ஒரு மெஷின் வாங்கப் போகிறார்கள். மேனேஜர் ஹேமந்த் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டார். மிடோரா பக்கம் நான் நின்றேன்.

“இது கைவிட்டுப் போச்சுன்னா என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, ஜெயகரன் அண்ணா. வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்” என்றாள்.

“ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா ஓட்டு” என்றேன்.

இந்த ஊர் தோல்காரர்கள் படம் தரமாட்டார்கள், தோலையே தூக்கி மெஷின் கண்ணாடிமேல் வைப்பார்கள். சாயம் பூசி அப்போதுதான் வந்த தோலில் பிசுபிசுப்பு இருக்கும். நான் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துத்தான் வைப்பேன். ஹீனா அப்படியே வைத்தாள். வந்த காப்பியைப் பார்த்தேன். ஐயோ, என்ன சிவப்பு! என் வயிறு எரிந்தது. ஹேமந்த் முகமெல்லாம் பல்.

“சரி, கார்டையெல்லாம் கட்டா மேல் டிரேயில போட்டு, மெஷினையே இழுக்க விடுங்க” என்றார்.

ஸெல்வினிலிருந்து வந்த தாள் ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு பழுப்புக் கோடு. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் இன்னொரு கண்ணாடி உண்டு. மேலே போடும் தாளை மெஷின் அதன் வழியாகத்தான் பார்க்கும். தோலின் ஓரம் பட்டு அதில் துளி சாயம் ஒட்டியிருந்தது. ஒரு துணி போதும். அவளுக்கு அது தெரியவில்லை. பெரிய கண்ணாடியையே போட்டுத் தேய்த்தாள்.

“அண்ணா, நீங்க பாருங்கண்ணா. இது இன்னா கோடு?”

குனிந்து பார்த்தேன். சாயம் கண்ணுக்கு நேராக இருந்தது.

“உள்ள படம் பதியற டிரம் கெட்டுப் போய்ட்டிருக்கும்மா. ஸெல்வின்ல இது ஜாஸ்தி.”

“புது மெஷின்லயே பேஜாரா?” என்று ஹேமந்த் சிரித்துவிட்டு மிடோராவுக்குக் கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

ஹீனா கோடு விழுந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். பிறகு, “இது தெரியாம நல்ல மெஷின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். பாவம், வாங்கினவங்க” என்றாள்.

பிளக்கைப் பிடுங்கியதும் அந்தச் சின்னக் கண்ணாடியை நானே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அவள் ஆபீசில் ஓட்டிப் பார்த்தால் கோடு வரக்கூடாது; வந்தால் சாயத்தைக் கண்டுபிடிப்பார்கள், என் பொய் வெளியே வந்துவிடும். மெஷின்மேல் குற்றமில்லை, இவள்தான் லாயக்கில்லை என்று ஆகட்டும்.

“தோத்த மெஷினக்கூட தொடச்சுத் தர்றீங்க” என்றாள் ஹீனா, கண்கள் கலங்க. “இந்த மனசு யாருக்குண்ணா வரும்?”