இருபத்திரண்டு பை ஏழு

"ஒரு சுத்துக்கு ஒரு தடவ டக்குங்குது சீனுவாசன். என் மல்லாட்டை பாக்கெட்டு வாயத் தொறந்துக்கினே வுழுது. இதுக்குப் பேரு வேலையா?"

"மிஷின் ஜப்பான்காரன் பண்ணதுங்க, அது தப்பு பண்ணாது. உள்ள ஒரு பொண்ணு படம் போட்டுக்கினு இருக்குது பாருங்க, அதக் கேளுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஜாக்குலினுக்கு எல்லாமே கேட்டது. அந்தப் பொண்ணு அவள்தான். 2014இல் திண்டிவனத்தில் கடைசலும் செதுக்கலும் சேர்ந்தே செய்யும் டர்ன்-மில் மிஷின் வாங்கிப் போட்ட முதலாளி சீனுவாசன். கத்திக்கொண்டிருந்தவர் மாரியப்பன், விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பாக்கெட் போடும் மிஷின் செய்கிறவர்.

அவர் கேட்டது நூறு எம்எம் விட்டத்தில் ஓர் உருளை. அதன்மேல் அலைபோல ஏறி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் காடி, அதாவது வெட்டிய பள்ளம். அதற்குள் ரோலர் ஓடும். காடியை முதலில் காகிதம்போலத் தட்டையாக வரைந்து, பிறகு கம்ப்யூட்டரிலேயே உருளைமேல் சுற்ற வேண்டும். தட்டைப் படத்தின் நீளம் உருளையின் சுற்றளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். போன மாதம் ஜாக்குலின் 314.16 என்று போட்டாள். சீனுவாசன் எட்டிப் பார்த்துக் கால்குலேட்டரைத் தட்டினார். 314.29 வந்தது.

"இன்னாம்மா இது? பைன்னா இருபத்திரண்டு பை ஏழு. நடுவுல பை வருது பாரு, அதனாலதான் அதுக்கே பைன்னு பேரு வச்சான்."

"சார், அது கிட்டத்தட்டதான் சார். கம்ப்யூட்டர்ல..."

"கம்ப்யூட்டரு எந்த ஸ்கூல்ல படிச்சுது?"

மாற்றினாள். சுற்றியபோது காடியின் முடிவு தொடக்கத்தைத் தாண்டி 0.13 எம்எம் போய் நின்றது. சேரும் இடமோ நல்ல ஏற்றத்தில். முடி கனம்தான், ஆனால் ரோலருக்கு அது வேகத்தடை.

இப்போது மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் திங்கள்கிழமை முதல் வர வேண்டாம் என்றார் சீனுவாசன். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். எழுதினாள்: "சார் சொன்ன 22/7ஐ அப்படியே போட்டது என் தவறு."

சீனுவாசன் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்மா."

"நானும் இருபத்திரண்டு பை ஏழுதான் படிச்சேன்" என்று மாரியப்பனும் தலையாட்டினார்.

அடுத்த உருளைக்கு அவள் 314.16 போட்டாள். சீனுவாசன் கண்ணுக்காகப் படத்தின் ஓரத்தில் மட்டும் 22/7 என்று எழுதினாள். டக் சத்தம் போய்விட்டது. தன் கணக்குதான் ஜெயித்தது என்று சீனுவாசன் கூட்டேரிப்பட்டு டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மாரியப்பன் இருநூறு உருளை கேட்டுவிட்டார். பாதியைச் சீனுவாசன் வேறொரு பட்டறைக்குக் கொடுக்கப்போகிறார். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஃபைல் போகாது, காகிதப் படம் மட்டும்தான் போகும்; அதில் 314.16 இல்லை. அங்கே வரைகிறவர் ஓரத்தில் எழுதியதை நம்பினால் நூறும் டக்கடிக்கும். உண்மையைச் சொன்னால் இவள் வேலை போகும். படம் நாளைக் காலையில் கிளம்புகிறது.

பட்டறை வேலை தெரிந்தவர்களே, ஜாக்குலின் என்ன செய்யட்டும்? கீழே பதில் எழுதுங்கள்.