மூன்றாவது ஹோல்டர்

வாசலில் ஜீப்பின் ஆரன் விடாமல் அலறியது. கட்டிலில் சாய்ந்திருந்த குஞ்சம்மாள் திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எவன்டா அவன், ஊரையே செவுடாக்கிடுவான் போல!" என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார் தெய்வசிகாமணி.

மலைமேல் இருக்கும் கரியாலூர்க் கடுக்காய் வியாபாரியின் டிரைவர், பாவாடை என்பவன், குதித்து இறங்கினான். "மொதலாளியோட அம்மா தவறிட்டாங்க சார். எடுக்கறதுக்குள்ள படம் புடிக்கணுமாம். கையோட கூட்டியாரச் சொன்னாரு."

கள்ளக்குறிச்சியில் சாவுப் படம் என்றால் தெய்வசிகாமணிதான். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் சொந்தங்களை நிறுத்தி, அந்த முகத்தில் தூங்குகிற அமைதியைக் கொண்டுவந்துவிடுவார். கல்யாணத்துக்குப் படம் எடுக்காத குடும்பங்கள்கூட இதற்கு அவரைத் தேடி வந்தன.

ஆனால் அது பாகிஸ்தான் சண்டை முடிந்த சமயம். மதராசில் பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. "ரெண்டுதாங்க மிச்சம்" என்று சொல்லி, முதல்நாள்தான் மனைவி குஞ்சம்மாள் இருட்டறையில் உட்கார்ந்து கடைசி பிலிம்களை இரண்டு ஹோல்டர்களில் போட்டு வைத்திருந்தாள். அந்த வேலை எப்போதும் அவளுடையது. ஹோல்டர் என்பது சிலேட்டு அகலத்தில் ஒரு தட்டையான மரப்பெட்டி. அதன் முகத்தை ஒரு தகடு மூடியிருக்கும். கேமராவில் செருகி, தகட்டை உருவி, பிறகு லென்ஸின் மூடியைத் திறந்தால்தான் பிலிமில் படம் விழும்.

மூன்றாவதாக ஒரு ஹோல்டரும் அலமாரியில் கிடந்தது. மூலையில் விரிசல் விட்டு வெளிச்சம் கசிந்ததால் அவரே ஒதுக்கிப் போட்டது.

"ஏங்க," என்றாள் குஞ்சம்மாள். "போறதுக்கு முன்ன என்னை ஒரு படம் புடிச்சிட்டுப் போங்களேன்."

"இப்பவா? ஜீப்பு நிக்குது."

"நீங்க எப்ப ஜீப்பு இல்லாம இருந்தீங்க? சாவுறவங்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் புடிக்கிறீங்க. நான் உசுரோட இருக்கறப்பவே ஒண்ணு கேக்கறேன்."

"வாயக் கழுவு."

அப்போதுதான் கவனித்தார். அவள் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். மகள் செவ்வந்தி அவளுக்குத் தலை வாரி, கனகாம்பரம் வைத்துவிட்டிருந்தாள். இரண்டு மாதமாக நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவள், கட்டிலிலிருந்து எழுந்து வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.

வெளியே மறுபடியும் ஆரன். மலையில் ஒன்று சொதப்பினால் கைகாவலுக்கு இன்னொன்று வேண்டும். நிரம்பிய இரண்டு ஹோல்டர்களையும் தாண்டி, தெய்வசிகாமணியின் கை மூன்றாவதை எடுத்தது.

இது ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஓசியில் படம் கேட்டு நச்சரிக்கிறவர்களைக் காலி ஹோல்டரில் 'எடுத்து' அனுப்பிவிட்டு, பிலிமைக் கழுவும்போது போய்விட்டது என்று கையை விரிப்பார்கள். வீட்டில் அவர் அதைச் செய்தது அன்றுதான். அடுத்த பிலிம் பெட்டி வந்ததும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துவிடலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

செருகினார். காலிதானே என்ற அவசரத்தில் தகட்டை உருவக்கூட இல்லை. லென்ஸின் மூடியைத் திறந்து, எண்ணி, மூடினார்.

குஞ்சம்மாளின் கண் ஒரு கணம் அவர் கையிலேயே நின்றது. பிறகு லென்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"நல்லா வருமா?"

"உனக்கின்னா கொறச்சல்? மகராணியாட்டம் வரும்."

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க. மலையில வெயில்ல நிக்காதீங்க."

கரியாலூரில் முதல் படம் எடுத்து முடித்த பிறகுதான் நைனார்பாளையத்திலிருந்து இறந்தவளின் மகள் அலறிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "எங்கம்மா பக்கத்துல நான் நிக்க வேணாமாய்யா?" என்று அவள் தெய்வசிகாமணியின் காலைப் பிடித்ததில் இரண்டாவது பிலிமும் போயிற்று.

ஜீப் அவரைக் கொண்டுவந்து இறக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசல் கொள்ளாமல் செருப்புகள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மைத்துனன் கொளஞ்சியப்பன் ஓடிவந்து அவர் தோளில் விழுந்தான்.

"நீங்க கெளம்புனதுமே மூச்சு எளைக்க ஆரம்பிச்சிருக்கு மாமா. ஆசுபத்திரிக்கு வண்டி கட்டிக்கினு இருந்தோம். அதுக்குள்ள அக்கா..."

உள்ளே அதே மாம்பழ நிறச் சேலை. கனகாம்பரம்கூட வாடவில்லை. யார் வீட்டுச் சாவிலும் 'மொகத்த இப்படித் திருப்புங்க' என்று அதட்டுகிறவர், அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒரு படம் வேணுமே மாமா," என்றான் கொளஞ்சியப்பன் மெல்ல.

"பிலிம் இல்ல."

"பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோக்காரரு உளுந்தூர்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாராம். ஆனா காலையில நீங்க அக்காவப் புடிச்சீங்களாமே? அதுவே போதும். உசுரோட சிரிச்ச மொகம். போயிக் கழுவுங்க, பெருசு பண்ணி மாட்டிடலாம்."

"அந்தக் குடுப்பினையாவது அவளுக்கு இருந்துச்சே," என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. செவ்வந்தி மட்டும் தலை நிமிரவில்லை.

தெய்வசிகாமணி மூன்றாவது ஹோல்டரை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கழுவும்போது போய்விட்டது. ஆயிரம் பேருக்குச் சொன்ன பொய். வெளியே போய் ஒருமுறை சொன்னால் முடிந்தது.

விரல்கள் தன்னிச்சையாக மூலை விரிசலைத் தேடின. விரிசலைக் காணோம். அந்த இடத்தில் ஒரு துணிப்பட்டை, பசை போட்டு, பிசிறில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. இருட்டிலேயே தகட்டைக் கொஞ்சம் இழுத்து விரலை விட்டார்.

வழவழவென்று பிலிமின் ஓரம். காலையில் தகட்டை உருவாததால் வெளிச்சமே படாமல் அப்படியே இருந்தது.

தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். காலையில் அவர் கை அலமாரிக்குப் போனபோது எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.

அவர் வெளியே வர நேரமாயிற்று. "காலையில எடுத்தது வரல," என்றார் யாரையும் பார்க்காமல். "இன்னும் ஒண்ணு இருக்கு. வெளிச்சம் போறதுக்குள்ள உக்கார வைங்க."

காலையில் உட்கார்ந்த அதே நாற்காலி. அவளை அதோடு சேர்த்து மார்பில் துண்டைச் சுற்றிக் கட்டி, கொளஞ்சியப்பன் பின்னாலிருந்து தலையைத் தாங்கிக்கொண்டான். செவ்வந்தி அம்மாவின் பக்கத்தில் நின்றாள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார் தெய்வசிகாமணி. கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் வழக்கம்போலத் தலைகீழாகத்தான் தெரிந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தும் தெளியவில்லை. ஹோல்டரைச் செருகினார். 'யாரும் அசையாதீங்க' என்றார். கை லென்ஸின் மூடிக்குப் போயிற்று.

செவ்வந்தி அம்மாவின் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்:

"தகட்ட உருவலப்பா. காலையிலயும் நீ உருவலன்னு அம்மா சொல்லுச்சு."