திரும்பிய நேரம்

மறதிக்கென்றே ஒரு பிறவி உண்டென்றால் அது அவள் புருஷன்தான். குழாயை மூடமாட்டான், விளக்கை அணைக்கமாட்டான், குடையைக் கொண்டுபோன இடத்திலேயே குடிவைத்துவிட்டு வருவான். ஆனால், கல்யாணத்துக்கு முந்தின வருஷம் இந்த மலையுச்சிக்கு ஏறினேன் என்பதை மட்டும் இருபது வருஷமாக மறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தான். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற ஆள், அவள் நம்பினால்தானே? ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னான். அப்போதும் சிரித்துத் தொலைத்தாள். அவன் போய் எட்டு மாதமாக அந்தச் சிரிப்புதான் அவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அதனால்தான் நாத்தனாரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நூறு வருஷத்துக்கு முன்பே காப்புக்காடாக இருந்த அந்தத் தேசியப் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. மலையேறுகிறவர்கள் வாசலில் உள்ள கல்கட்டடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டும். இறங்கி வந்ததும் நேரத்தை எழுதவேண்டும். எந்தக் காலத்துப் பதிவேட்டையும் அவர்கள் தூக்கிப் போட்டதில்லையாம்.

வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது. மலை இருக்கிற சுவடே இல்லை. வனக்காவலர் அந்த வருஷத்துப் பதிவேட்டைத் தேடியெடுத்து, ஈரவாடை அடிக்கும் பக்கங்களைப் புரட்டினார். அவள் மேசைமேல் குனிந்து வரிவரியாகத் தேடினாள்.

இருந்தது. அதே கோணல் கையெழுத்து. போகுமிடம்: உச்சி. புறப்பட்டது: காலை ஏழு பத்து. திரும்பிய நேரம் மட்டும் காலி.

பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எழுதாமல் ஓடுகிறவர்கள் நிறையப் பேர் என்றார் காவலர். பேனாவை நகர்த்தி வைத்தார். "சொந்தக்காரங்க இப்பகூட எழுதலாம்மா. எழுதாதவரைக்கும், பதிவேட்டுப்படி அவர் இன்னும் மேலதான் இருக்கார்."

"எழுதிடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அண்ணன் அரைகுறையா விட்டதையெல்லாம் நீங்கதானே முடிச்சு வெச்சீங்க."

வாஸ்தவம்தான். குழாயை மூடியது அவள், விளக்கை அணைத்தது அவள், குடைக்காகத் தெருத்தெருவாக அலைந்தது அவள். பேனாவை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொஞ்சம் விலக, ஒற்றையடிப் பாதை நாலடி தெரிந்து மேலே போய் மறைந்தது. அதில் அவன், இருபத்தாறு வயசில், நின்று நின்று மூச்சு வாங்கியபடி போய்க்கொண்டிருப்பதாகவே அவளுக்குப் பட்டது. பாவி மனுஷன், நிஜமாகவே ஏறியிருக்கிறான்.

பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அவசரமில்ல," என்றாள். "மெதுவா வரட்டும்."

அவன் மறந்துவிட்டுப் போனதை அப்படியே விட்டுவிட்டு வந்தது, அவளுக்கு அதுதான் முதல் தடவை.