நடுங்காத கோடு

நெலிதா சுக்கிமியா இருபத்தாறு வருடம் காத்திருந்தது அந்த நோட்டுகளுக்காகத்தான். லா பாஸுக்கு மேலே, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் மலைக்கூடத்தில், விண்ணிலிருந்து விழும் காஸ்மிக் கதிர்களை மணிக்கு மணி பார்த்து எழுதியவன் அவள் கணவன் கஸிமிரோ. சூரியக் காற்றின் கொந்தளிப்பைத் தாண்டி வரும்போது அந்த எண்ணிக்கை லேசாக ஏறும், இறங்கும். அந்த நடுக்கத்தை வைத்துக் கொந்தளிப்பை அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஓய்வு பெறுமுன் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசை.

போன ஆகஸ்டில் கஸிமிரோ செத்துப்போனான். கூடத்திலேயே கிடந்த நோட்டுகள் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தன.

அதுவரை அவன் கொடுத்த மாதச் சராசரியைத்தான் பார்த்து வந்திருந்தாள். இப்போது மணிவாரி எண்களைக் கணினியில் ஏற்றினால் நடுக்கமே இல்லை. வரைபடத்தின் கோடு இஸ்திரி போட்ட துணிபோலக் கிடந்தது. சூத்திரத்தைச் சந்தேகப்பட்டாள், கணினியைத் திட்டினாள், கடைசியில் அவனோடு கூடத்தில் வேலை பார்த்த எவுலோஹியோவின் வீட்டுக்குப் போனாள்.

அவர் மென்றுகொண்டிருந்த கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "அது அவன் சரி பண்ணினது டாக்டரம்மா. முன்னப்பின்ன பத்து மணி நேரத்து நம்பரையும் கூட்டி வகுத்துத்தான் நோட்டுல ஏத்துவான். மிஷின்ல பாத்த நம்பரெல்லாம் துண்டுச் சீட்டோட அடுப்புக்குப் போயிடும்."

"யாரு அப்படிப் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான். கல்யாணமான புதுசுல மேல வந்தீங்க. அவன் வரைஞ்சு வெச்சிருந்த கோட்டைப் பாத்துட்டு, 'என்ன கஸி, குடிச்சுட்டுப் போட்டியா'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம், அவனுந்தான். அப்புறம் என்கிட்ட சொன்னான், 'இனிமே அவ பாக்குற கோடு ஆடக் கூடாதுடா'ன்னு."

நெலிதாவுக்கு அது நினைவிலேயே இல்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

"எல்லாமே போச்சா?"

எவுலோஹியோ தயங்கினார். "ஒரு நோட்டு தப்பிச்சிருக்கும். நீங்க கோவிச்சுக்கிட்டு ஒரூரோவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனீங்களே, அந்த இருபது நாளு அவன் வகுக்கல. ஏன்டான்னு கேட்டேன். 'யாரு பாக்கப் போறா'ன்னான்."

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைத் தேடி எடுத்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஓரத்தில் தேநீர்க் கறை. எண்களை ஏற்றியதும் கோடு துள்ளியது, சரிந்தது, நடுங்கிக்கொண்டே ஏறியது. அந்த இருபது நாளும் சூரியன் ஆடிய ஆட்டம் அத்தனையும் அதில் இருந்தது.

இருபத்தாறு வருட உழைப்பில் அவள் ஆராய்ச்சிக்கு உதவுவது அவனை விட்டுப் போயிருந்த அந்த இருபது நாள் மட்டும்தான். திரையில் விரலை வைத்து, கோடு ஆடிய இடமெல்லாம் கூடவே போனாள்.

"நல்லாத்தான் இருக்கு கஸி," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.